கீரி கேட்காத கேள்விகள்

ஈச்சங்காட்டுக் குளக்கரையில் எல்லா விலங்குகளும் கூடியிருந்தன. கோரையன் என்ற காட்டுப்பன்றி புதுத் தலைவனாகத் தேர்வாகியிருந்தான்.

அவனுக்கு முன்பு தலைவனாக இருந்த காட்டெருமை பொழுதெல்லாம் குளத்துக்குள்ளேயே படுத்துக் கிடந்தது. குடிக்கிற தண்ணீர் முழுக்கச் சேறாகிப் போனது. சேறு பிடிக்காமல்தான் எல்லோரும் பன்றிக்கு ஓட்டுப் போட்டார்கள்! அவர்கள் புத்தி அப்படி.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஜெயித்தவுடனே யாரும் ஆளத் தொடங்கிவிட முடியாது. தன் கொள்கைகளை ஒவ்வொன்றாகக் குளக்கரையில் சொல்ல வேண்டும். கூட்டத்தின் சார்பில் ஒருவர் அவற்றை உரசிப் பார்ப்பார். கொள்கைக்கு மூன்று கேள்வி. இதனால் யாருக்கு லாபம்? யாருக்கு நஷ்டம்? உனக்கு என்ன கிடைக்கும்? பதில் நேராக வந்தால் கொள்கை நிற்கும். இல்லையென்றால் திரும்பிப் போகும்.

இந்த முறை உரசிப் பார்க்கும் வேலை செம்பி என்ற கீரிக்கு வந்தது. அவளிடம் யாரும் பொய் சொல்லித் தப்பியதில்லை. பேச்சில் கொஞ்சம் வளைவு தெரிந்தாலும் பிடித்துக்கொள்வாள்.

புற்றடியில் இருந்த தன் வளையில் இரண்டு குட்டிகளையும் தூங்க வைத்துவிட்டு அவள் வந்திருந்தாள். போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரே ஒரு குட்டி இருந்தது. அதை நல்லபாம்பு விழுங்கிவிட்டது. அதன்பிறகு செம்பி சிரித்து யாரும் பார்த்ததில்லை.

கோரையன் தொண்டையைச் செருமினான்.

"முதல் கொள்கை! இனி யாரும் குளத்தில் இறங்கிக் குளிக்கக் கூடாது! கரையில் நின்று குடிக்கலாம்!"

"யாருக்கு லாபம்?" என்றாள் செம்பி.

"குடிக்கிற எல்லோருக்கும்!"

"யாருக்கு நஷ்டம்?"

"எருமைக்கு மட்டும்தான்!"

"தவளைகள் எங்கே போகும் தலைவரே? மரத்தில் ஏறிக் குடித்தனம் நடத்துமா?"

கூட்டம் சிரித்தது. தவளைகள் பலமாகக் கத்தின. கோரையன் அசடு வழிந்தான். தவளைகளும் மீன்களும் நீங்கலாக என்று மாற்றிச் சொன்னான்.

"சரி, உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"தெற்கு மூலையில் கொஞ்சம் சேறு... உடம்பு உஷ்ணம், பாருங்கள்..."

"மூலையோடு நிற்க வேண்டும்!" என்றாள் செம்பி. கொள்கை நின்றது.

"இரண்டாம் கொள்கை! தரையில் விழுந்த இலந்தைப் பழமெல்லாம் பொது! மரத்தில் இருப்பது பறவைகளுக்கு!"

செம்பி அவனைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"மரம் ஏறத் தெரியாதவர், குனிந்த வாயை நிமிர்த்தாதவர், ஒரே மூச்சில் மரத்தடியையே வழித்துத் தின்கிறவர் இந்தக் காட்டில் யார் தலைவரே?"

"அது... நான்தான்."

"அப்புறம் பொது என்று ஏன் சொல்கிறீர்கள்? எனக்கு என்று சொல்லுங்கள்!"

அணில்கள் வாலைத் தூக்கிக் குதித்தன. குரங்குகள் கை தட்டின. "போட்டாள் பார், ஒரே போடு!" என்றது முயல். கொள்கை திரும்பிப் போனது.

கோரையன் கோபப்படவில்லை. செம்பியையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, துக்கம் விசாரிக்க வந்தவனைப் போலப் பேசினான்.

"மூன்றாம் கொள்கை. இந்தக் காட்டில் ஒரு தாய் பிள்ளையைப் பறிகொடுத்தாள். விழுங்கியவன் ஒரு துளைக்குள் போய்ச் சுகமாகப் படுத்துக்கொண்டான். இனி அது நடக்காது. பாம்பு ஒளியக்கூடிய மண் துளைகள் எல்லாம் அடைக்கப்படும்!"

எல்லோரும் செம்பியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"எப்போது தொடங்குவீர்கள்?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அவள் காலடியில் உட்கார்ந்திருந்த வயல் நண்டுக்குப் பகீரென்றது. கரையில் வளை தோண்டி வாழும் நண்டு அது. கொடுக்கால் அவள் வாலைச் சுரண்டியது.

"ஏம்மா செம்பி, தொண்டையில் முள்ளா? மற்ற இரண்டுக்கும் அந்த வாங்கு வாங்கினாயே! இதையும் கேளேன்!"

"இதில் கேட்க என்ன இருக்கிறது நண்டண்ணே?"

"நாம இருக்கிறதும் துளைதானே அம்மா! நீ என்ன மாடியிலா குடியிருக்கிறாய்?"

"நல்லவர்கள் வளையை எதற்கு அடைக்கப் போகிறார்கள்?"

"மண்வெட்டிக்கு நல்லவன் கெட்டவன் தெரியுமா?"

செம்பி சீறினாள். "உங்கள் பிள்ளையைப் பாம்பு தின்றிருந்தால் இப்படிப் பேசுவீர்களா?"

நண்டு கொடுக்கை இழுத்துக்கொண்டது. அந்தக் கேள்விக்கு யார்தான் பதில் சொல்ல முடியும்? எலிகளுக்கும் முயலுக்கும் ஏதோ கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. கேட்டால் பாம்புக்குப் பரிந்து பேசுகிறவன் என்று பெயர் வந்துவிடுமே! அவையும் தலையை ஆட்டின.

கொள்கை நின்றது. அன்று வரை எந்தக் கொள்கைக்கும் அத்தனை கைதட்டல் விழுந்ததில்லை.

மறுநாள் காலையிலேயே பன்றிகள் இறங்கிவிட்டன. கோரையனின் மகன்கள், மருமகன்கள், அவர்களுடைய பிள்ளைகள். துளையைக் கண்ட இடத்தில் மூக்கை நுழைத்துச் சுற்றிலும் உழுதார்கள். உழும்போது கிழங்கும் வேரும் மேலே வந்தன. அவற்றைத் தின்றார்கள். மிஞ்சிய மண்ணைத் துளைக்குள் தள்ளினார்கள். கிழங்கு இருக்கிற இடத்தில்தான் அவர்கள் கண்ணுக்குத் துளை அதிகமாகத் தெரிந்தது.

முதலில் பாம்பு இருந்த துளை போனது. செம்பி அங்கே நின்று பார்த்தாள். உள்ளே பாம்பு இல்லை. சத்தம் கேட்ட உடனேயே அது வெளியேறிப் பாறை இடுக்கில் புகுந்துவிட்டது.

"அதோ பாறையில் இருக்கிறது! அதையும் அடையுங்கள்!" என்று கத்தினாள்.

"கொள்கையில் மண் துளை என்றுதானே இருக்கிறது?" என்றான் ஒரு மருமகன், கிழங்கை மென்றபடி. "பாறையில் மூக்கை இடித்தால் யாருக்கு வலிக்கும்?"

அடுத்து எலி வளைகள் போயின. பிறகு முயலின் வளை. பிறகு நண்டின் வளை. ஒண்ட இடமில்லாத நண்டை வெட்டவெளியில் ஒரு கொக்கு கொத்திக்கொண்டு போனது. கரையில் ஒரு கொடுக்கு மட்டும் கிடந்தது.

செம்பி அந்தக் கொடுக்கைப் பார்த்தாள். கோரையனிடம் ஓடினாள்.

"நண்டு வளையில் எந்தப் பாம்பு இருந்தது தலைவரே?"

"செம்பியம்மா, என் தலை அந்தத் துளைக்குள் போகுமா? எட்டிப் பார்த்துவிட்டா அடைக்க முடியும்? சின்னப் பையன்கள், ஆர்வத்தில் செய்துவிட்டார்கள்!"

"என் வளை?"

"உங்கள் வளையா! அதைத் தொட்டவன் மூக்கை நானே அறுப்பேன்! இந்தக் கொள்கைக்கே தாய் நீங்கள்தானே!"

அந்தச் சொல் அவளுக்கு இனித்தது. நண்டை நினைத்தால் உறுத்தியது. ஆனால், பெரிய காரியத்தில் ஒன்றிரண்டு தவறு நடக்கத்தானே செய்யும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்வது அவ்வளவு சுலபமாக இருந்தது!

அவள் வளைக்கு மேலே ஒரு வள்ளிக்கொடி படர்ந்திருந்தது. அந்தக் கொடியை அவள் ஒருநாளும் கவனித்ததில்லை. கீரிக்குக் கிழங்கு எதற்கு?

இரண்டு நாள் கழித்து இரை தேடிப் போய்த் திரும்பியபோது, புற்று இருந்த இடம் உழுத வயல் போலக் கிடந்தது. கடித்துப்போட்ட வள்ளிக்கொடி ஒரு பக்கம் கிடந்தது.

செம்பி கத்தவில்லை. தோண்டினாள். நகம் பிய்ந்தது. தோண்டினாள். மண்ணுக்கடியில் முதல் குட்டி குளிர்ந்து போயிருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக் கிடந்த இரண்டாவது குட்டிக்கு மூச்சு இருந்தது. அதன் மூக்கிலிருந்த மண்ணை நக்கி எடுத்தாள். அது மெல்லத் தும்மியது.

அதைக் கழுத்தில் கவ்விக்கொண்டு குளக்கரைக்கு வந்தாள். அங்கே அடுத்த கொள்கைக்காகக் கூட்டம் கூடியிருந்தது. குட்டியைக் கோரையன் முன்னால் வைத்தாள்.

"என் பிள்ளையைக் கொன்றுவிட்டீர்கள்!"

"அடடா! பையன்கள் தெரியாமல் செய்துவிட்டார்கள்!" என்று கோரையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வாய் ஓரத்தில் கிழங்கின் பால் வழிந்தது. "ஆனால் அம்மா, உரசிப் பார்த்து நல்லது என்று சொன்னது யார்? நீங்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் இந்தக் கொள்கையை மடித்து வைத்திருப்பேனே! நான் கேள்விக்குப் பயந்தவன், உங்களுக்கே தெரியும்!"

அது பொய் இல்லை. அதனால்தான் அவளுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

அந்தக் காட்டில் இனிக் குட்டியை ஒளித்து வைக்க ஒரு துளைகூட இல்லை. பாறை மேல் நல்லபாம்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. செம்பி குட்டியைக் கவ்விக்கொண்டு காட்டை விட்டே புறப்பட்டாள்.

அவள் கூட்டத்தைக் கடக்கும்போது கோரையன் அடுத்த கொள்கையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மயிலின் முட்டைகளை நரி தின்கிறது! இனி நரி பதுங்கும் புதர்கள் எல்லாம் வேரோடு பிடுங்கப்படும்!"

இந்த முறை உரசிப் பார்க்க மயிலைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்தப் பெண்மயில் சந்தோஷத்தில் இறக்கையை அடித்துக்கொண்டது. அதன் முட்டைகளும் அந்தப் புதர்களுக்கு அடியில்தான் இருந்தன.

செம்பி நின்றாள். கேள்வி தொண்டை வரை வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் குட்டி விழுந்துவிடும். பன்றிகள் சுற்றிலும் நின்றன. மயில் அவளைப் பார்த்து, "பாவம், எதிர்க்கட்சியாகிவிட்டாள் போலிருக்கிறது!" என்று பக்கத்திலிருந்த கௌதாரியிடம் சொன்னது.

செம்பி குட்டியை இறுகக் கவ்விக்கொண்டு நடந்தாள்.

தலைவன் சொல்வதில் நமக்குப் பிடிக்காததைக் கேள்வி கேட்பது பெரிய காரியமில்லை. நம் காயத்துக்கு மருந்து என்று அவன் நீட்டுவதைத்தான் இரக்கமில்லாமல் உரசிப் பார்க்க வேண்டும்.