எக்பெர்ட் கேட்காமல் விட்ட கேள்வி

அந்தக் காலத்தில் ஜெர்மன் தேசத்தில் கரண்டிக்கும் வாய் இருந்தது, நிலாவுக்கும் வாய் இருந்தது. மனிதர்களும் பொருள்களும் ஒரே சபையில் உட்கார்ந்து வழக்குப் பேசினார்கள். ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் ஆற்றங்கரை மண்டபத்தில் அந்தச் சபை கூடும்.

மண்டபத்துக்குள் யாரும் தனியாக நுழையக்கூடாது என்பது அங்கே வழக்கம். வாசலில் மூன்று உடன்பிறப்புகள் நிற்பார்கள். மூத்தவன் டெர், அடுத்தவள் டி, கடைசி டாஸ். டாஸ் ஆணுமில்லை, பெண்ணுமில்லை, அதிகம் பேசாது. வருகிறவர் மூவரில் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். யார் கை என்பது வருகிறவரின் விருப்பம். வாயில்காரன் குனிந்து காதோடு கேட்பான், வந்தவர் காதோடு சொல்வார். பிறகு அவன் இருவர் பெயரையும் சேர்த்து உரக்கக் கூவுவான். டாஸின் கையைப் பிடித்து வருவது பெரும்பாலும் குழந்தைகளும் ஆட்டுக்குட்டிகளும்தான். அவர்களுக்கு ஓரத்தில் ஒரு பெஞ்சு உண்டு. சபையில் பேச உரிமை கிடையாது.

வாயில்காரன் பெயர் எக்பெர்ட். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவான் என்று ஊரில் பேச்சு. அதைக் கேட்டுக் கேட்டு அவனும் நம்பிவிட்டான். கேட்டுத் தெரிந்துகொள்வது விவரம் போதாதவன் வேலை என்று நினைக்கத் தொடங்கினான். அந்த ஆண்டு கூட்டமும் அதிகம். எக்பெர்ட் கேட்பதை நிறுத்திவிட்டான்.

சூரியன் வந்தது. தகிக்கிறது, ஆகவே ஆண்பிள்ளை என்று டெரோடு அனுப்பினான். நிலா வந்தது. குளிர்ச்சியாக இருக்கிறது என்று டியோடு அனுப்பினான். இரண்டுமே வேறு கையை மனதில் வைத்து வந்தவை. பின்னால் வரிசை நெருக்கியதால் பேசாமல் உள்ளே போய்விட்டன. வரிசையில் நின்ற முள்கரண்டி, "நம்ம வாயில்காரர் கண்ணாலேயே குலம் கோத்திரம் எல்லாம் பார்த்துவிடுகிறார்" என்றது. பக்கத்தில் நின்ற கத்தி அதைக் கேட்டுச் சிரித்தது. எக்பெர்ட் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான்.

அடுத்து மாக்ட் என்ற பெண் வந்தாள். ஆற்றின் மேல்கரையில் மாவு ஆலை நடத்திவந்த அவள் தாய் அந்த ஆண்டுதான் இறந்திருந்தாள். ஆலை மகளுக்கா, மாமன் வோல்ஃப்ராமுக்கா என்ற வழக்கு அன்று சபைக்கு வருகிறது. அவள் சிறுமி, ஆலை நடத்தத் தெரியாது என்பது மாமனின் வாதம். எல்லா வேலையும் தெரியும் என்று சொல்ல அவள் வந்திருந்தாள். தன் காலுக்குப் பெரிதான தாயின் காலணியை, முன்பக்கம் வைக்கோலை அடைத்துப் போட்டிருந்தாள். டியின் கையைக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள்.

எக்பெர்ட் அவள் உயரத்தைப் பார்த்தான். காலணியைப் பார்த்தான். அந்த ஊரில் சின்னஞ்சிறியவற்றின் பெயரோடு செல்லமாக 'ஷென்' என்று ஒரு வாலை ஒட்டுவார்கள். அப்படி ஒட்டினால் மாக்ட் மேட்ஷென் ஆவாள். அவள் வாய் திறப்பதற்குள், "மேட்ஷென், டாஸுடன்" என்று கூவிவிட்டான்.

மண்டபம் சிரித்தது. சற்றுமுன் தவறான கையோடு உள்ளே வந்த சூரியனும் நிலாவும்கூடச் சிரித்தன. வோல்ஃப்ராம் எழுந்து, "வாயில்காரரே சொல்லிவிட்டார், இனி நான் என்ன சொல்ல? அதைப் பெஞ்சில் உட்கார வையுங்கள்" என்றான். அக்காள் மகளை 'அது' என்றான். அதற்கும் சிரித்தார்கள்.

அவள் அப்போதே மறுத்திருக்கலாம். சிரிப்பு அடங்குவதற்குள் டாஸ் தலையைக் குனிந்துகொண்டு அவளை அழைத்துப்போய்ப் பெஞ்சில் உட்கார வைத்தது. கையை விடவில்லை. ஆலை வழக்கு வந்தபோது அவள் எழுந்து நின்றாள். பெஞ்சில் இருப்பவர்கள் பேசும் வழக்கம் இல்லை என்று சபைத் தலைவர் உட்காரச் சொன்னார். ஆலை மாமனுக்குப் போயிற்று.

வாசலில் நின்ற எக்பெர்ட்டின் காதில் தீர்ப்பு விழுந்தது. அவன் உள்ளே வந்து, தான் அவளைக் கேட்கவே இல்லை என்று சபை நடுவில் சொன்னான். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொடுத்த தீர்ப்பைத் திருப்பி வாங்கச் சபைக்கு அதிகாரம் இல்லை என்றார் தலைவர், மேசையைப் பார்த்தபடியே.

எக்பெர்ட் பெஞ்சின் முன் மண்டியிட்டான். "தப்பு என்னுடையது அம்மா. ஆலையை மீட்டுத்தர என்னால் முடியாது. பெயரையாவது திருத்துகிறேன். டியைக் கூப்பிடட்டுமா?"

"இப்போதாவது கேட்கிறீர்கள்" என்றாள் அவள். "வேண்டாம். எல்லாரும் சிரித்தபோது டாஸ் மட்டும் சிரிக்கவில்லை. உங்கள் மனம் ஆறுவதற்காக நான் இந்தக் கையை விட வேண்டுமா?"

டாஸோடு அவள் வெளியே நடந்தாள். அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கிய யாருக்கும் அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

அவள் போன பிறகு தலைவர் பெஞ்சை உடைக்கச் சொன்னார். அதனால் யாருக்கும் ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை. சூரியன் எழுந்து டியிடம் போயிற்று, நிலா டெரிடம் போயிற்று. ஒரே இழுப்பறையில் வாழ்ந்த மூவரும் பேசி வைத்துக்கொண்டு பிரிந்தார்கள்: கரண்டி டெரோடு, முள்கரண்டி டியோடு, கத்தி வெளியே போன டாஸோடு. "இனி எங்களைப் பார்த்து ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது" என்றது கத்தி. மற்றப் பொருள்களும் உருவத்துக்கும் குணத்துக்கும் பொருந்தாமல் தத்தமக்குப் பிடித்த கையைப் பிடித்துக்கொண்டன. எக்பெர்ட் ஒவ்வொருவராகக் கேட்டு, இரண்டு பெயரையும் சேர்த்தே மனப்பாடம் செய்தான். முடிக்க அவன் ஆயுள் போதவில்லை.

அந்த அறுவடைச் சபையிலிருந்துதான் ஜெர்மன் மொழியில் எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன் ஆண்பால் டெர் வரும், எதற்குப் பெண்பால் டி, எதற்கு இரண்டுமில்லாத டாஸ் என்று பார்த்துச் சொல்ல முடியாமல் போயிற்று. ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கற்க வேண்டியிருக்கிறது. அங்கே சிறுமிக்கு இன்றும் மேட்ஷென் என்றே பெயர், அவள் டாஸின் கையை விடவில்லை. புதிதாகக் கற்க வந்தவர் கையை மாற்றிச் சொல்லி முகம் சிவந்து நின்றால், அந்த ஊர்க்காரர்கள் மெதுவாகத் திருத்துவார்கள், சிரிக்கமாட்டார்கள். ஒருமுறை சிரித்துவிட்டார்கள்.