கயிற்றின் இரண்டு முனைகள்

“வீட்டுல நிம்மதியே இல்லம்மா. என்னைய இங்கயே சேத்துக்கிடுங்க,” என்றான் பூபதி.

மடத்துத் தலைவி சிவகாமி அம்மாள் வாசலைப் பார்த்தாள். அவன் மனைவி கோமதி அங்கே நின்றிருந்தாள். சாயங்கால பஸ்ஸுக்குள் அவன் வராவிட்டால் தாய்வீடு போய்விடுவேன், பிறகு யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மில் மூடி அவன் வேலை போனதிலிருந்து இதே கதைதான். அவன் வாய் திறப்பதில்லை. அவள் வாய் மூடுவதில்லை. என்ன யோசனை, என்மேல் கோபமா என்று அவன் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் கேட்பாள். அவன் பாதியில் எழுந்து போய்விடுவான்.

அம்மாள் இருவரையும் கொல்லைக் கிணற்றுக்கு அழைத்துப் போனாள். தூர் எடுக்க வேண்டியிருந்தது. பூபதியின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கோமதியிடம் கொடுத்தாள்.

“கீழ இருக்கவங்க அப்பப்போ குரல் குடுக்கணும். குரல் வந்தா மேல இருக்கவங்க இழுக்கக்கூடாது. வரலேன்னா இழுத்துரணும். கிணத்துக் காத்து பொல்லாதது.”

பூபதி படியில் கால் வைத்து இறங்கினான். ஒருமுறை குரல் கொடுத்தான். கோமதிக்கு அது போதவில்லை. நொடிக்கொரு தரம் கூப்பிட்டாள், கயிற்றையும் சுண்டினாள்.

அவனுக்கு எரிச்சல். வாயை மூடிக்கொண்டான்.

அவள் பயந்துபோய் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். முழங்கை கல்லில் உரசி, ரத்தத்தோடு ஏறி வந்தான்.

“பாத்தீங்களாம்மா? வீட்டுலயும் இதேதான்.”

கோமதி அவன் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். சேலையைச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு விறுவிறுவென்று இறங்கிவிட்டாள்.

பூபதி மறுமுனையைப் பிடித்தான். மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

“கோமதி.”

பதில் இல்லை.

“ஏ கோமதி.”

குனிந்து பார்த்தான். இருட்டு. கயிற்றை இழுக்கப் போனான்.

அம்மாள் தன் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்; கோமதி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பது அங்கிருந்து தெரிந்தது. பிறகு கயிற்றின்மேல் கையை வைத்து அமுக்கினாள்.

“ஒனக்குப் புடிச்ச அமைதிதானப்பா?”

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கிணற்றுக்குள் குனிந்து கத்தினான்.

“நீ மேல வரக்கூட வேண்டாம் தாயி. இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்.”

“இதத்தான நானும் கேட்டேன்,” என்றது கிணற்றுக்குள்ளிருந்து குரல்.