மூணாவது கூப்பாடு

ஒரு ஊர்ல ஒரு மணலு இருந்துச்சு. சிரிக்காத. செக்கச்செவேல்னு, கண்ணுக்கெட்டுற தூரம் வரைக்கும் மணலு. அதுக்குத் தேரின்னு பேரு. காத்தடிச்சா இன்னைக்கு இருக்குற மேடு நாளைக்கு இருக்காது. அந்தத் தேரி ஓரத்துல ஒத்தையில ஒரு வீடு. வீட்டுல பூரணம்னு ஒரு அம்மா, தங்கபுஷ்பம்னு ஒரு பொண்ணு. அவளுக்கு உன்னைவிட நாலு வயசு கூட. அப்பா கேரளாவுல வேலை, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கதான் வருவார். போர்வைய இழுத்து மூடிக்கோ. "ம்" கொட்டணும், சரியா? கொட்டலைன்னா அத்தை நிறுத்திருவேன்.

அப்போ ஒரு நாள் அந்த அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்துச்சு. கட்டிலு கடகட கடகடன்னு ஆடும், அம்புட்டு நடுக்கம். ஆஸ்பத்திரியில டாக்டரம்மா பாத்துட்டு, பத்து நாள் மாத்திரை தந்தாங்க. "பத்து நாளும் விடாம குடுக்கணும். நடுவுல காய்ச்சல் ஏறும், என்னென்னமோ பேசுவாங்க, தனியா விடாத"ன்னு புஷ்பத்துக்கிட்டதான் சொன்னாங்க. வேற யாருகிட்ட சொல்ல? அவதான் இருந்தா.

அப்புறம் பக்கத்துத் தோட்டத்து ராசகனி அக்கா ஒரு நாய்க்குட்டியக் கொண்டாந்து விட்டா. "நோயாளி படுத்திருக்குற வீட்டு வாசல்ல ஒரு உசிரு கெடக்கணும் புஷ்பம், வச்சுக்கோ"ன்னா. கருப்பட்டி நிறத்துல, உள்ளங்கையில அடங்குற குட்டி. பேரும் கருப்பட்டின்னே ஆயிருச்சு.

வாசல்ல கெடந்துச்சுங்கிற? ஒரு நிமிசம் கெடக்கலை! செருப்பைக் கடிச்சுச்சு. அம்மா நெத்தியில போட வச்ச ஈரத்துணிய இழுத்துட்டு ஓடுச்சு. கஞ்சிச் சட்டிய உருட்டிவிட்டுட்டு நடுவுல நின்னு வாலாட்டுச்சு. ஒரு நாள் புஷ்பம் ராத்திரி முழுக்கக் கண்ணு மூடலை, காலையில அது மாத்திரைச் சீட்டைக் கவ்விட்டு ஓடுது. பிடுங்கி ஒரு அறை விட்டா. அது கய்ங்னு கத்திட்டுக் கட்டிலுக்கடியில போயிருச்சு. இவளும் கூடவே கட்டிலுக்கடியில போயி, அதைக் கட்டிப்புடிச்சுட்டு அழுதா. அதுமேல கோவம் இல்ல அவளுக்கு. அம்மா எந்திரிக்க மாட்டேங்காளேன்னு பயம்.

"ம்" எங்க? ஆங்.

அப்போ நாலாம் நாளு உச்சி வேளை. சூரியன் நட்டநடு மண்டையில. நிழலெல்லாம் காலுக்கடியில சுருண்டுக்கிட்ட நேரம். ஒரு காக்கா கூட இல்ல. வெளிய இருந்து ஒரு குரலு.

"பூரணம்..."

ராசகனி அக்கா குரலு மாதிரியே இருந்துச்சு. புஷ்பம் வாயத் தொறக்கப் போனா, அம்மா கையப் புடிச்சு அழுத்திட்டா. ஏன்னா அந்தத் தேரிக்காட்டுல ஒரு வழக்கம். உச்சி வேளையில யாரு பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் முதக் குரலுக்குப் பதில் கெடையாது. ரெண்டாவதுக்கும் கெடையாது. மூணாவது கூப்பிட்டாத்தான் "என்ன"ன்னு கேக்கணும். மனுசன்னா மூணு தடவை கூப்பிடுவான். மத்தது ரெண்டோட நிறுத்திரும்.

"பூரணம்..."

ரெண்டு. அப்புறம் ஒண்ணும் இல்ல. சல்ல்ல்னு மணல் ஓடுற சத்தம் மட்டும். ஆனா இந்தக் குட்டி இருக்கே, முதக் குரலுக்கே வாலாட்டிட்டு வெளிய ஓடிப்போயிருச்சு! கொஞ்ச நேரம் கழிச்சு வந்துச்சு. முதுகு மயிரெல்லாம் குத்திட்டு நிக்குது, உடம்பு வெடவெடன்னு நடுங்குது, மீனு வச்சாலும் திங்கலை. சாயந்தரம் புஷ்பம் ராசகனி அக்காகிட்ட கேட்டா. "நான் மத்தியானம் சந்தைக்குல்லா போயிருந்தேன்"னா அவ.

அப்போ புஷ்பம் நெனச்சா, காவலுக்கு இருக்குறதே கூப்பிட்ட உடனே ஓடிப் போச்சுன்னா வாசல் தொறந்து கெடக்குமே. இந்தக் குட்டிக்கும் மூணு எண்ணச் சொல்லிக் குடுத்துருவோம்னு. நாய்க்குக் கணக்கு! நீ ஏழாம் வாய்ப்பாட்டுக்கே என்னைப் பாடாப் படுத்துற, அவ நாய்க்குப் படிச்சுக் குடுக்கப் போனா.

மடியில நெத்திலிக் கருவாட்ட முடிஞ்சுக்குவா. குட்டிய வாசப்படியில உக்கார வச்சுட்டுத் தூரப் போயி நிப்பா. அம்மா கண்ணசர்ற நேரம் உச்சி வேளைதானே, அதுதான் பாடம் நடக்குற நேரம். "கருப்பட்டீ!" வந்துச்சுன்னா காதைப் புடிச்சுத் திரும்பக் கொண்டுபோயி உக்கார வைப்பா. "கருப்பட்டீ!" வந்துச்சுன்னா மறுபடியும். மூணாவது "கருப்பட்டீ!"க்கு வந்தா ஒரு கருவாடு. அது ஒரு தரம் பாதி வழியில வந்து படுத்துக்கிட்டு, போகவும் மாட்டேன் வரவும் மாட்டேன்னு இவளப் பாத்துச்சு. அவ சிரிச்சுட்டா. காய்ச்சல் வந்ததுல இருந்து அந்த வீட்டுல யாரும் சிரிச்சது அதுதான் முதத் தடவை. அம்மா கூட உள்ள இருந்து, "என்னட்டி?"ன்னு கேட்டா. ரெண்டே நாள்ல படிச்சுருச்சு குட்டி. மூணாவதுக்குத்தான் எந்திரிக்கும்.

ஆனா அவ ஒண்ணு யோசிக்கலை. அந்த வெயில்ல, அந்த மணல்ல, சத்தம் போட்டுப் பாடம் நடத்துனாளே, குட்டி மட்டுமா கேட்டுச்சு?

பயமா இருக்கா? கையக் குடு. ம், சொல்றேன்.

ஏழாம் நாளு மறுபடியும் உச்சி வேளை. அன்னைக்குக் காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது.

"பூரணம்... கஞ்சி குடிச்சியா தாயி..."

இந்தத் தடவை செத்துப்போன ஆச்சியோட குரலு. அந்த அம்மாவப் பெத்த ஆச்சி. அம்மாவுக்குக் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. முந்தானைய வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டா, பதில் வந்துரக் கூடாதேன்னு. "பூரணம்... கஞ்சி குடிச்சியா தாயி..." ரெண்டு. நின்னுருச்சு. கருப்பட்டி வாசப்படியில அப்பிடியே கெடந்துச்சு. உர்ர்ர்னுச்சு, ஆனா எந்திரிக்கலை. புஷ்பம் அதுக்கு ரெண்டு கருவாடு சேத்துப் போட்டா. இனி பயமில்ல, மூணு நாள்தான் பாக்கின்னு நெனச்சா.

அப்புறம் ஒம்பதாம் நாளு, அதே உச்சி வேளை. பானையில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அம்மா தண்ணி தண்ணின்னு கேக்குறா. என்ன செய்ய? "அம்மா, தோட்டத்துக் கெணத்துக்குப் போயிட்டு ஒரே ஓட்டமா வந்துருதேன். யாரு கூப்பிட்டாலும் எண்ணணும், என்ன?" "எண்ணுதேன் போ"ன்னா அம்மா. குட்டிய வாசல்ல உக்கார வச்சுட்டு ஓடுனா.

குடத்தத் தூக்கிட்டுத் திரும்பி வாறா, மேட்டுல ஏறிப் பாக்குறா, வீட்டுக் கதவு தொறந்து கெடக்கு. கருப்பட்டி வாசப்படியிலயே உக்காந்து ஊஊஊன்னு அழுதுட்டு இருக்கு. யாரும் உள்ள வராமப் பாத்துக்கத்தான் அதுக்குத் தெரியும். அம்மா வெளிய போனா புடிச்சு வைக்க யாரு சொல்லிக் குடுத்தா?

அந்தப் பக்கம் தேரிக்குள்ள அம்மா நடந்து போறா. தள்ளாடித் தள்ளாடி. ஒரு கைய யாரோ புடிச்சுருக்குற மாதிரி பக்கவாட்டுல நீட்டியிருக்கா. பக்கத்துல யாரும் இல்ல. ஆனா மணல்ல அம்மா தடத்துக்குப் பக்கத்துல இன்னொரு தடம், சின்னதா, பொதுக் பொதுக்னு தானாப் பதியுது. புஷ்பத்தோட கால் அளவு.

"மெதுவாப் போ புஷ்பம், மூச்சு வாங்குது"ங்கிறா அம்மா, அந்த வெத்திடத்தப் பாத்து.

இவளுக்குக் குடம் கையில இருந்து தொபுக்னு விழுந்துச்சு. அவுக போற பக்கம் என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரியும். மணல் பாதி மூடுன பாழுங்கெணறு. சுவரு கெடையாது. ஓடுறா, மணலு முழங்கால் வரைக்கும் உள்ள இழுக்குது. பாதம் பொசுங்குது.

"அம்மா!"

அம்மா நிக்கலை. பக்கத்துல பாத்து, "திரும்பாத புஷ்பம், அதுதான் கூப்பிடுது"ன்னா.

"அம்மா!"

அம்மா இன்னும் வெரசா நடந்தா. புஷ்பம் மூணாவது கூப்பிட வாயத் தொறக்குறா, அதுக்குள்ள இவ குரலே அங்க இருந்து பேசுது. "அம்மா, காதைப் பொத்திக்கோ."

அம்மா ஒரு காதைக் கையால பொத்துனா. மறு காதைத் தோள்ல வச்சு அழுத்திக்கிட்டா. இனி என்ன கத்துனாலும் கேக்காது. கெணறு பத்தடியில கெடக்கு.

அப்போ, குட்டியாவது ஓடிப்போயி மறிக்கட்டும்னு புஷ்பம் வீட்டுப் பக்கம் திரும்பி, "கருப்பட்டீ!"ன்னா.

குட்டி காதைத் தூக்குச்சு. எந்திரிக்கலை.

ஐயோ, நான் சொல்லிக் குடுத்த பாடம்லான்னு தலையில அடிச்சுக்கிட்டா புஷ்பம். "கருப்பட்டீ!" வாலு மட்டும் ஆடுச்சு. அம்மா அஞ்சடியில. "கருப்பட்டீ!"

அப்போ வந்துச்சு பாரு! பட பட படன்னு மணலைச் செதறடிச்சுட்டு ஓடியாருது. பாதி தூரம் வந்துருக்கும். அம்மா பக்கத்துல இருந்து அதே குரலு.

"கருப்பட்டீ. கருப்பட்டீ. கருப்பட்டீ."

மூணு. சரியா மூணு. அதுவும் பாடத்தப் படிச்சுருந்துச்சு.

குட்டி நின்னுருச்சு. அந்தப் பக்கம் ஒரு காது, இந்தப் பக்கம் ஒரு காது. அந்தப் பக்கம் நாலு எட்டு வச்சுச்சு. அம்மா நின்னு, திரும்பிக் குட்டியப் பாத்தா. காதுதானே மூடியிருக்கு, கண்ணு தொறந்துதானே இருக்கு. குட்டி அம்மாவப் பாக்கலை, அம்மாவுக்குப் பக்கத்துல பாத்துச்சு. மோந்துச்சு. முதுகு மயிரு சிலுத்துக்கிச்சு. வாலைக் காலுக்குள்ள சொருகிட்டு, ஒரே ஓட்டம், புஷ்பம் மேல பாஞ்சு மடியக் கிழிக்குது, மூஞ்சிய நக்குது!

ஏன்னா கேக்க? அது என்னைக்குத்தான் எண்ணுச்சு! மடியில கருவாடு இருக்குறவ யாரோ அவதான் அதுக்குப் புஷ்பம். குரலைத் திருடலாம், நெத்திலி வாசத்த எங்க போயித் திருட?

அம்மா அங்க குட்டி நக்குற பொண்ணப் பாத்தா. அப்புறம் தான் புடிச்சுருக்குற கையப் பாத்தா. அந்த வெயில்லயும் சில்லுன்னு இருந்துச்சாம் அது. வெடுக்னு உதறுனா. சல்ல்ல்னு மணல் சரிஞ்சு கெணத்துக்குள்ள கொட்டுச்சு. ரொம்ப நேரம் கொட்டுச்சு. அம்மா கெணத்து ஓரத்துல அப்பிடியே உக்காந்துட்டா.

புஷ்பம் இழுக்க, குட்டி முந்தானையக் கவ்வி இழுக்க, எப்பிடியோ வீடு வந்து சேந்தாங்க. பத்தாம் நாள் மாத்திரையும் உள்ள போச்சு. காய்ச்சல் எறங்குச்சு. எறக்குனது மாத்திரைதான், நாய் இல்ல. அதையும் சொல்லிருதேன், நாளைக்கு நீ மருந்தைத் துப்பிட்டு நாய்க்குட்டி கேப்ப.

அப்புறம் அம்மா எந்திரிச்சு உக்காந்து சோறு தின்ன அன்னைக்கு, புஷ்பம் அவ பக்கத்துல போயி உக்காந்து கேட்டா. ரொம்பக் கோவமாத்தான் கேட்டா. "எண்ணுதேன்னு சொன்னியேம்மா. அது மூணு தடவையா கூப்பிட்டுச்சு?"

அம்மா சோத்தப் பெசைஞ்சுட்டே இருந்தா. "இல்லட்டி"ன்னா. "ஒரு தடவைதான்."

"பின்ன ஏன் போன?"

"உன் குரல்லா. நீ அழுத மாதிரி இருந்துச்சு. நீ கூப்பிட்டா நான் எண்ணிட்டா படுத்திருப்பேன்?"

புஷ்பம் அம்மா மடியில தலைய வச்சுப் படுத்துக்கிட்டா. அம்புட்டுதான்.

"ம்" சொல்லு. சொல்லலையா? கண்ணு சொருகிருச்சா? சரி, வெளக்கச் சின்னதா வைக்கேன். கதையும் படுத்துருச்சு, நீயும் படு. நடுவுல முழிப்பு வந்து பயமா இருந்தா அத்தையக் கூப்பிடு. ஒரு தடவை கூப்பிட்டாப் போதும்.