குளத்தைத் தாண்ட ஒரு தைலமர இலை

ஊட்டி கோல்ஃப் மைதானத்தில் மட்டைப் பை சுமக்கிற பவுளினம்மாளுக்கு அன்றைக்கு வாய்த்தவர் ஓய்வு பெற்ற கலெக்டர் திருவேங்கடம். அவர் கையில் புது ஹைப்ரிட் மட்டை. இரும்பு மட்டைக்கும் கட்டை மட்டைக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. எதிரே குளம். ஐந்து பந்துகளைக் கீழிருந்து அள்ளித் தூக்கப் பார்த்தார். ஐந்தும் தரையோடு ஓடித் தண்ணீரில் விழுந்தன.

"நீ மட்டையை எடுத்துக் கொடுத்த நேரம் சரியில்லை. அடுத்த பந்து குளத்தைத் தாண்டலைன்னா நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்றார்.

பவுளினம்மாள் ஆறாவது பந்தை வைத்தாள். அதற்கு ஒரு விரற்கடை முன்னால், குளத்துப் பக்கமாக, ஒரு தைலமர இலையை வைத்தாள்.

"பந்து குளத்துக்குன்னு விட்டுடுங்க ஐயா. இந்த இலையை வெட்டினா போதும். ஆனா அது எல்லாராலயும் ஆகாது."

"என்னால ஆகாதா?"

கலெக்டர் பந்தை மறந்தார். இலையையே முறைத்தபடி மட்டையை இறக்கினார். மட்டை வழியிலிருந்த பந்தில் பட்டுப் போக, இலை புல்லோடு பிய்ந்து பறந்தது. பந்து நிதானமாக மேலேறிக் குளத்தைக் கடந்து, அக்கரைக் கொடிக்குப் பக்கத்தில் இறங்கியது.

"நான் தூக்கவே இல்லையே" என்றார், குழந்தை மாதிரி.

"தூக்கத்தான் மட்டையோட முகத்தைச் சாய்ச்சு வெச்சிருக்காங்க ஐயா. இத்தனை நேரம் அதோட வேலையையும் நீங்களே பார்த்துட்டிருந்தீங்க."

முப்பது வருஷ ஆபீஸில் இதை அவரிடம் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை. கலெக்டர் சிரித்துவிட்டார்.

"நாளைக்கு வரட்டுமா ஐயா?"

"வாம்மா. பந்து நான் கொண்டு வர்றேன். இலை நீ கொண்டு வா."