பதினோரு பேர் தொங்கிய கயிறு

மூன்று நொடி பேச்சு வராவிட்டால் எதிராளி செத்துவிட்டான் என்று விதி எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போன மகராசரே, இது உம் தலையில்தான் விடியப் போகிறது. கேளும்.

மலைக்கோயில் ரோப்காருக்கு அடிவாரத்தில் ஒரு கணினி, உச்சியில் ஒரு கணினி. மோட்டாருக்கு இரண்டிலிருந்தும் தனித்தனிக் கம்பி. எந்த ஆணையும் வராவிட்டால் பிரேக் பிடித்துப் பெட்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஓட்டுவது கீழ்க்கணினி. நொடிக்கொரு தரம் அது ‘இருக்கிறேன்’ என்னும். மேலே இருப்பது ‘கேட்டேன்’ என்னும். மூன்று நொடி சத்தமில்லை என்றால் மேற்கணினி பொறுப்பெடுத்துப் பெட்டியைத் தன் பக்கம் இழுக்கும். அப்படிப் பொறுப்பெடுத்த மேற்கணினியை யாரும் அணைக்கவே கூடாது என்பதும் விதி. இந்தப் பேச்சுக் கேபிளும் இரண்டு அறைகளின் தொலைபேசிக் கேபிளும் போவது ஒரே குழாயில். என்ன மூளையோ!

கீழே சூசைராஜ், மேலே மரகதவல்லி. காலையில்தான் அவன் போனில் வம்பிழுத்தான்.

“அக்கா, என் சத்தம் நின்னா நான் போய்ச் சேர்ந்துட்டேன்னு வச்சுக்கோ.”

“போய்ச் சேர்றவன் சொல்லிட்டா போவான்? வேலையைப் பாருடா.”

மதியம் காற்று பேயாக அடித்தது. பெட்டி நடுவழியில்; உள்ளே பதினோரு பேர். சூசைராஜ் அதைக் கீழே இறக்கத் தொடங்கினான். அந்த நேரம் பார்த்து மரம் சாய்ந்து குழாயை நசுக்கியது. மூன்றாம் நொடியில் மேற்கணினி மேலே இழுத்தது.

பெட்டி இரண்டடி ஏறியது, இரண்டடி இறங்கியது, மறுபடி ஏறியது. கயிறு துடித்தது. ஜன்னலுக்கு வெளியே கைகள் தெரிந்தன. மரகதவல்லி போனை எடுத்தாள். போன் ஊமை. செல்லில் சிக்னல் இல்லை. கீழ்க்கணினி ஓடிக்கொண்டிருந்தால் இவள் தன்னுடையதை அணைத்தாக வேண்டும். அது செத்திருந்தால், அணைத்தவுடன் பெட்டி நாதியற்று நடுவானில் நிற்கும். அந்தக் காற்றில் கயிறு கப்பியை விட்டுக் கழன்றுவிடும்.

பெட்டியையே பார்த்தாள். ஏறியது. இறங்கியது. சுவிட்சை அணைத்தாள்.

உயிரோடு இருந்ததால் கீழ்க்கணினி விடவில்லை. விதி சொன்னதால் மேற்கணினி விடவில்லை. மரகதவல்லி விதியை மீறி விட்டுக்கொடுத்தாள். இதில் யார் செய்தது சரி?

விடை: மரகதவல்லிதான். அவள் குருட்டாம்போக்கில் அணைக்கவில்லை. ஆணையில்லாமல் அசையாத பெட்டி கீழேயும் இறங்குகிறது என்றால் அடிவாரத்தில் யாரோ இழுக்கிறார்கள். இவள் விட்டதும் கீழ்க்கணினி பெட்டியை இறக்கியது; பதினோரு பேரும் அழுதுகொண்டே தரையில் கால் வைத்தார்கள். ஆனால் விதி இன்னும் அப்படியே இருக்கிறது. ‘கேட்டேன்’ வராவிட்டால் கீழ்க்கணினி இரண்டாம் நொடியில் தானாக மோட்டாரை விட வேண்டும். மேற்கணினி மூன்றாம் நொடியில்தான் தொட வேண்டும். இவ்வளவுதானய்யா. நாளைக்கு முதல் பெட்டி கிளம்புமுன் நீரே வந்து மாற்றி எழுதும்.