துரை வீசிய தோல் பை

பனிக்கந்தைத் தேயிலைத் தோட்டத்தில் துரைமார் ரக்பி ஆடிய காலத்தை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். கையில் பந்தோடு ஓடுபவன் அதை முன்னால் வீசக் கூடாது என்பது அந்த ஆட்டத்தின் சட்டம். கோட்டோரம் கொடி பிடித்து அதைக் கவனிப்பவர் செவனாண்டி. மற்ற நாளில் பங்களா கேட்டில் காவல். பெரிய துரை மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே வீசும் தோல் பையைப் பிடிப்பதும் அவர்தான்.

ஒருநாள் ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவன் தலைதெறிக்க ஓடிக்கொண்டே பந்தைப் பின்னால் வீசினான். கூடவே ஓடிவந்த கூட்டாளி அதைப் பிடித்து எல்லையைத் தாண்டிவிட்டான். செவனாண்டி தப்பென்று கொடியைத் தூக்கவில்லை. பெரிய துரையின் அணி தோற்றது. துரை செவனாண்டியிடம் பாய்ந்து வந்தார்.

"அவன் வீசினது நடுக்கோட்டில. இவன் பிடிச்சது நாலு எட்டு முன்னால. உனக்குக் கண் இல்லையா? நாளையிலிருந்து கேட்டுக்கு வராதே. மலைக்குப் போய்க் கொழுந்து மூட்டை சும."

"போறேன் தொரை. கடைசியா ஒருதரம் உங்க பையை வீசிட்டுப் போங்க." செவனாண்டி கொடிக்கம்பைத் தரையில் ஊன்றினார். "இதுதான் கேட்டுன்னு வச்சுக்குங்க."

துரையும் சிரித்துக்கொண்டே வண்டியை முடுக்கினார். கம்புக்கு நேராக வந்ததும் வழக்கம்போல் பையைத் தோளுக்குப் பின்னால் வீசினார். கம்பைத் தாண்டி நாலு எட்டு முன்னால் நின்ற செவனாண்டியின் கையில் வந்து அது விழுந்தது.

"பின்னாலதான் வீசினீங்க தொரை. அவன் ஓட்டம் பந்தை இழுத்த மாதிரி, வண்டி ஓட்டம் இதையும் இழுத்துக்கிட்டு வந்திருச்சு. பதினோரு வருசமா நான் கேட்டைத் தாண்டி உள்ள நிக்கிறது அதுக்குத்தான்."

மறுநாளும் பை கேட்டில் செவனாண்டியின் கையில்தான் வந்து விழுந்தது.

துரை கப்பலேறிப் போன பிறகும், ரோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் செவனாண்டி நாலு எட்டு உள்ளே போய்க் கையை நீட்டிக்கொண்டு நிற்பாராம்.