கோகிலாவிடம் மறைத்த சாவு

நியாயம் சொல்லத் தெரிந்தவர்கள் கொஞ்சம் காது கொடுங்கள். இந்த வழக்கை நினைத்தாலே எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, மதுரையில் ஒரு மருத்துவமனையில் கோகிலாவுக்குச் சோதனைக்குழாய் முறையில் கரு வைத்தார்கள். ஊரான கோவில்பட்டிக்குப் பஸ்ஸில் குலுங்கிப் போக வேண்டாமென்று, கரு தங்கியதா என்று பார்க்கும் பரிசோதனை நாள்வரை தங்க அங்கேயே ஒரு மாடி அறை பிடித்தான் கணவன் ஜெகதீசன். அவன் மருந்து வாங்கப் போயிருந்தபோது டாக்டரம்மா கோகிலாவிடம் சொன்னார்: "கவலைப்பட்டா கரு தங்காதுன்னு யாராவது பயங்காட்டினா நம்பாதீங்க. அழுகை வந்தா அழுதுடுங்க, அதனால ஒண்ணும் ஆயிடாது."

அதை அவள் கணவனிடமும் சொன்னாள். "ஆறுதலுக்கு அப்படித்தான் சொல்லுவாங்க. நீ மனசை அலட்டிக்காம இரு," என்று அவளுடைய செல்போனை வாங்கி வைத்துக்கொண்டான். சாயங்காலம் அவள் அப்பா கூப்பிடும்போது மட்டும் கையில் கொடுப்பான். "சாப்பிட்டியா தாயி?" அந்த ஒரு குரலுக்காகத்தான் அவளுக்குப் பொழுது விடிந்தது.

ஒருநாள் அந்தக் குரல் வரவில்லை. மாரடைப்பில் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். "பிள்ளை தங்கணும் மாப்பிள்ளை, அவ காதுல மட்டும் போட்டுறாதீங்க," என்று கதறினாள் அம்மா. அவசர வேலை என்று புறப்பட்ட ஜெகதீசன், சுடுகாடுவரை போய்விட்டு வந்தான். "மாமாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு, பேச முடியல," என்று கோகிலாவிடம் கூசாமல் சொன்னான்.

பாவம், அவள் என்ன நினைத்தாள் தெரியுமா? பிள்ளை இல்லாதவளிடம் பேசிப் பேசி அப்பாவுக்கும் அலுத்துவிட்டது என்று நினைத்தாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் தினமும் அழுதாள்.

பார்க்க வந்த அண்ணன் மனைவி வனஜாவிடம், "அப்பாவுக்கு என்மேல அப்படி என்ன கோபம் அண்ணி?" என்று கேட்டாள். வீங்கிய அந்தக் கண்களைப் பார்த்த பிறகு வனஜாவால் பொறுக்க முடியவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டாள். இருவரும் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்கள்.

பரிசோதனை நாளில், கரு தங்கவில்லை என்று வந்தது.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல அக்கா! உங்களாலதான் என் பிள்ளை போச்சு," என்று வனஜாவிடம் பாய்ந்தான் ஜெகதீசன். "இனி என் முகத்துல முழிக்காதே," என்றாள் அம்மா.

பிள்ளைக்காக மறைத்தவர்கள் இரண்டு பேர். மனசு கேட்காமல் சொன்னவள் ஒருத்தி. இதில் யார் செய்தது சரி? கரு தங்காத பழியை யார் தலையில் போடுவீர்கள்?

தீர்ப்பைக் கோகிலாவே சொன்னாள். "பழி யார் மேலயும் இல்ல. டாக்டரம்மா சொன்னதை உங்ககிட்ட அன்னைக்கே சொன்னேன், நீங்க காதுல வாங்கல. நான் அழக்கூடாதுன்னு மறைச்சீங்க. மறைச்ச அத்தனை நாளும் நான் அழுதுக்கிட்டுத்தான் இருந்தேன். செத்துப்போன மனுஷன் என்மேல கோபமா இருக்காருன்னு நினைக்க வச்சுட்டீங்க. அண்ணி செஞ்சதுதான் சரி. அன்னைக்கு ஒரு நாள்தான் நான் தனியா அழல." ஜெகதீசன் செல்போனை எடுத்து நீட்டினான். "இனிமே எதுக்கு?" என்றாள் கோகிலா.